ஒரு மெகாஹெர்ட்ஸ் கன்வெர்ட்டர்: முனைவர் பட்ட ஆய்வுக்கு இது போதுமான கேள்விதானா?

அலைவடிவம்

மன்ற நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியில் பவர் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் எம்.இ. முடித்து, இப்போது சென்னையிலேயே வேறொரு பல்கலைக்கழகத்தில் முழுநேர ஆய்வு மாணவியாகச் சேர்ந்திருக்கிறேன். என் நெறியாளர் முன்வைத்திருக்கும் தலைப்பு, 400 வோல்ட் டி.சி.யை 48 வோல்ட்டாக இறக்கும் 1 கிலோவாட் எல்.எல்.சி. ரெசனன்ட் கன்வெர்ட்டர் ஒன்றைக் கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களால் அமைத்து, 1 மெகாஹெர்ட்ஸில் இயக்கிக் காட்டுவது. (எல்.எல்.சி. என்பது இரண்டு இண்டக்டர்களும், அதாவது கம்பிச்சுருள்களும், ஒரு கெபாசிட்டரும் ஒத்திசைந்து அலைவதைப் பயன்படுத்தும் கன்வெர்ட்டர்; மெகாஹெர்ட்ஸ் கணக்கு அதன் டிரான்சிஸ்டர்கள் நொடிக்கு எத்தனை முறை திறந்து மூடுகின்றன என்ற ஸ்விட்சிங் அதிர்வெண்.) என் ஆய்வை மதிப்பிடும் டாக்டோரல் கமிட்டியின் முதல் கூட்டத்துக்கு முன் இதை ஓர் ஆய்வுக் கேள்வியாக எழுதித் தர வேண்டும்.

என் தயக்கம் இதுதான். டிரான்சிஸ்டர் தயாரிப்பாளர்களே இதையொத்த செயல்விளக்கப் பலகைகளை வரைபடத்தோடு வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றைச் சற்று மாற்றி நான் கட்டினால் அது நல்ல கைவேலையாக இருக்கும். ஆய்வாகுமா என்பது ஐயமாக இருக்கிறது. மறுபுறம், அதிர்வெண்ணை உயர்த்தினால் கருவி சிறுக்கும் என்று பாடத்தில் படித்தது முழு உண்மையானால், 1 மெகாஹெர்ட்ஸோடு ஏன் நிற்க வேண்டும், 5 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் என்ன என்ற கேள்வியும் எழுகிறது. இத்துறையில் உழைத்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கிண்டி ஆசிரியர்

உங்கள் தயக்கம் நியாயமானது; அதைக் கமிட்டி கேட்பதற்கு முன் நீங்களே கேட்டுக்கொண்டது நல்லது. பணி ஓய்வு பெறும்வரை நான் படித்துப் பார்த்த ஆய்வேடுகளில், அதிர்வெண் ஏன் உயர்த்தப்பட்டது என்பதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியவை மிகச் சில. அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம் அதிர்வெண், கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை, கோரின் (சுருளுக்கு நடுவிலுள்ள காந்தப் பொருளின்) குறுக்குப் பரப்பு, காந்தப் பாய அடர்த்தி ஆகிய நான்கின் பெருக்கத்தைப் பொறுத்தது. அதிர்வெண் பத்து மடங்கானால் மற்ற மூன்றின் பெருக்கம் பத்தில் ஒன்றாகக் குறையலாம். கருவி சிறுக்கும் என்ற வாக்குறுதி முழுவதும் இந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கிறது. ஆனால் அந்தக் குறைப்பைப் பரப்பில் எடுத்துக்கொள்ள முடியுமா, பாய அடர்த்தியில் கொடுத்துவிட நேருமா என்பதைக் கோர் இழப்புதான், அதாவது கோரில் வெப்பமாகப் போகும் ஆற்றல்தான், தீர்மானிக்கிறது. 1892இல் ஸ்டைன்மெட்ஸ் இரும்பை அளந்து, இழப்பு பாய அடர்த்தியின் 1.6 அடுக்கில் வளர்கிறது என்று எழுதினார். கோராக இன்று பயன்படும் ஃபெரைட்டுகள் என்ற காந்தப் பீங்கான்களில் அந்த அடுக்கு 2.5ஐ ஒட்டியும், அதிர்வெண்ணின் அடுக்கு 1.5ஐ ஒட்டியும் அமைகின்றன. அதிர்வெண் ஏற ஏற அதன் அடுக்கும் உயர்வதால், ஒரு கட்டத்துக்கு மேல் கோர் சூடாகாமல் இருக்கப் பாய அடர்த்தியை அதிர்வெண் உயர்வதைவிட வேகமாகக் குறைக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு அதிர்வெண்ணை உயர்த்தினால் டிரான்ஸ்ஃபார்மர் பெரிதாகத்தான் ஆகும். மாங்கனீசு-துத்தநாக ஃபெரைட்டில் இந்த எல்லை ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் வருகிறது. நிக்கல்-துத்தநாகக் கலவைகள் சிலவற்றில் இது 10 மெகாஹெர்ட்ஸ் வரைகூடத் தள்ளிப்போகிறது என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் டார்ட்மவுத் கல்லூரியும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட அளவீடுகள் காட்டின. ஆக, ‘5 மெகாஹெர்ட்ஸுக்குப் போகக் கூடாதா’ என்ற உங்கள் கேள்வி பொருளற்றதன்று. எந்தக் கோரைக் கொண்டு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அதற்கு விடை உண்டு.

இனி, அதிர்வெண்ணால் சிறுக்காதவற்றையும் பாருங்கள். கூகுளும் மின்பொறியாளர்களின் அமைப்பான ஐ.இ.இ.இ.யும் 2014இல் அறிவித்த லிட்டில் பாக்ஸ் போட்டி, 2 கிலோ வோல்ட்-ஆம்பியர் இன்வெர்ட்டரை 40 கன அங்குலத்துக்குள், அதாவது கன அங்குலத்துக்கு 50 வாட்டுக்குக் குறையாமல் அமைக்கக் கேட்டது. 2016இல் பரிசு பெற்ற பெல்ஜிய அணி 140 வாட்டையும் தாண்டியது. இறுதிக்கு வந்த வடிவமைப்புகளைப் படித்தால், அவர்களை அலைக்கழித்த சிக்கல்களுள் முதன்மையானது ஒற்றைக் கட்ட மின்சாரத்தில் இயல்பாகவே எழும், மின்வழி அதிர்வெண்ணைப் போல் இருமடங்கான திறன் அலைவு என்பது தெரியும். அந்த அலைவைத் தேக்கி வைக்கத் தேவையான ஆற்றல், திறனை மின்வழியின் கோண அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைக்கும். ஸ்விட்சிங் அதிர்வெண் அந்தக் கணக்கில் எங்குமே வராது. உங்கள் கன்வெர்ட்டர் டி.சி.யில் தொடங்கி டி.சி.யில் முடிவதால் நீங்கள் தப்பினீர்கள். ஆனால் அந்த 400 வோல்ட் சுவரிலுள்ள மின்முனையிலிருந்து வருகிறதென்றால், உங்களுக்கு முந்தைய கன்வெர்ட்டரைக் கட்டுபவர் அந்தப் பளுவைச் சுமந்துகொண்டிருக்கிறார்.

சுருள்கட்டி

ஆசிரியர் ஐயா கோரைப் பற்றிச் சொன்னார்கள். நான் செம்பைப் பற்றிச் சொல்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டிரான்ஸ்ஃபார்மர் கட்டுவது என் பிழைப்பு. படிப்பு டிப்ளமோதான், ஆனால் உங்களைப் போன்ற ஆய்வு மாணவர்கள் பலருக்குச் சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.

பாருங்கள் அம்மா, 50 ஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்புக்குள் 9 மி.மீ. ஆழம்வரை இறங்கும். 100 கிலோஹெர்ட்ஸில் அது 0.2 மி.மீ.யாகிவிடும், 1 மெகாஹெர்ட்ஸில் 0.066 மி.மீ. மட்டுமே. உங்கள் இரண்டாம் பக்கம் 48 வோல்ட்டில் 1 கிலோவாட் என்றால் 20 ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்த மின்னோட்டத்தை அவ்வளவு மெல்லிய தோலுக்குள் அடக்க, முடியைவிட மெல்லிய இழைகளைக் கொண்ட லிட்ஸ் கம்பி வேண்டும், 0.05 மி.மீ. அல்லது அதற்கும் கீழே. இழை அவ்வளவு மெலியும்போது எனாமலும் நடுவிலுள்ள காற்றுமே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றின் காந்தப் புலத்தால் மற்றொன்றில் இழப்பை உண்டாக்கும். டவல் என்பவர் 1966இல் கொடுத்த வாய்பாட்டை இன்றும் நாங்கள் இதற்காகத்தான் எடுத்துப் பார்க்கிறோம்.

இதனால் எல்லோரும் பிசிபியிலேயே (மின்சுற்றுப் பலகையிலேயே) சுற்றுகளை வரைந்துவிடும் தட்டை டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிறார்கள். முதற்பக்கத்தையும் இரண்டாம் பக்கத்தையும் மாற்றி மாற்றி அடுக்கினால் செம்பிழப்பு குறையும், உண்மை. ஆனால் அதே அடுக்குதான் இரு பக்கங்களுக்கும் இடையே பெரிய கெபாசிட்டராகவும் ஆகிவிடுகிறது. அதன் வழியாகப் பாயும் பொதுமுறை இரைச்சலை (இரு கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடும் இரைச்சலை) அடக்கப் பிறகு தனி ஃபில்டர் போட வேண்டி வரும். மிச்சப்படுத்திய இடத்தில் ஒரு பகுதி அங்கே போய்விடும். சுற்றின் முனைகளை ரெக்டிஃபையரோடு சேர்க்கும் இடத்தில் எரியும் வாட்டுகளையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று உள்ள இரண்டாம் பக்கத்தில் அந்த முனை நீளமே ஒரு சுற்றில் கணிசமான பங்காக இருக்கும்.

இன்னொன்று. ரிச்சி தெருவில் கோர் வாங்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், நானும் அங்கே வாங்குகிறேன். ஆனால் எந்தக் கலவை என்ற குறியே இல்லாத கோரை வைத்துக்கொண்டு 1 மெகாஹெர்ட்ஸ் இழப்புக் கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு யாருக்கும் பயன்படாது. தயாரிப்பாளரின் தரவுத்தாள் உள்ள கோரை, தொகுதி எண்ணோடு வாங்கி, ஒரே தொகுதியிலிருந்து கூடுதலாகச் சிலவற்றை எடுத்து வையுங்கள்.

முழுப்பாலம்

இந்த விவாதம் போகும் போக்கு எனக்கு உடன்பாடில்லை. ‘அதிர்வெண் வேண்டாம், புதிய சுற்றமைப்பு வேண்டாம், அளந்துகொண்டிருந்தால் போதும்’ என்ற திசையில் ஒரு தொடக்க நிலை மாணவியைத் தள்ளிவிடக் கூடாது.

எடுத்துக்காட்டாக, டோட்டம்-போல் என்ற திறன்காரணித் திருத்தச் சுற்றை, அதாவது மின்வழியிலிருந்து எடுக்கும் மின்னோட்டத்தை மின்னழுத்தத்தோடு ஒத்துப்போகச் செய்யும் சுற்றை, எடுத்துக்கொள்ளுங்கள். அது வெகுகாலம் காகிதத்தில்தான் இருந்தது. மாஸ்ஃபெட் என்ற சிலிக்கான் டிரான்சிஸ்டரின் உடல் டையோடு அணையும்போது தேங்கிய மின்னூட்டம் பின்னோக்கிப் பாய்ந்ததால், தொடர் மின்னோட்ட நிலையில் அதை இயக்க முடியவில்லை. கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரில் அந்த மின்னூட்டமே இல்லை என்பதால், கைவிடப்பட்டிருந்த சுற்று உயிர்பெற்றது. இருபுறமும் டிரான்சிஸ்டர் பாலம் கொண்ட, இரட்டைச் செயற்பாலம் என்று நாம் இன்று எங்கும் காணும் கன்வெர்ட்டரை டி டோங்கர், திவான், கேரலுவாலா ஆகியோர் 1991இல் விரிவாக எழுதியபோது, இன்று மின்வாகன மின்னேற்றிகளில் அதற்குக் கிடைத்திருக்கும் இடத்தை எத்தனை பேர் எதிர்பார்த்திருப்பார்கள்? சுற்றமைப்பை யோசிப்பவர் ஒருவர், பொருளைச் செய்பவர் ஒருவர், அளப்பவர் ஒருவர் என்று மூவரும் இருந்தால்தான் துறை நகரும். எல்லோரும் அளவுகோலோடு உட்கார்ந்துவிட்டால் அளப்பதற்கு என்ன இருக்கும்?

மேலும், மென்மையான ஸ்விட்சிங் இருக்கும்போது அதிர்வெண்ணுக்கு ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும்? எல்.எல்.சி.யில் டிரான்சிஸ்டர் பூச்சிய மின்னழுத்தத்தில்தான் இயங்கத் தொடங்குகிறது. டிரான்சிஸ்டருக்குள்ளேயே அமைந்த வெளியீட்டுக் கெபாசிட்டரில் இருந்த ஆற்றல் வெப்பமாகாமல் சுற்றுக்கே திரும்பிவிடுகிறது. ஸ்விட்சிங் இழப்பு ஏறத்தாழ இல்லாதபோது 1 மெகாஹெர்ட்ஸ் என்பது கேட் டிரைவருக்கு (டிரான்சிஸ்டரின் கேட் முனை வழியாக அதைத் திறந்து மூடும் சுற்றுக்கு) மட்டுமே சுமை.

நானோவினாடி

முழுப்பாலம் அவர்களின் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் என் ஆய்வேடு அதன்மேல்தான் நிற்கிறது. வெளியீட்டுக் கெபாசிட்டரின் ஆற்றல் முழுவதும் திரும்பி வருகிறது என்பது பாடத்துக்காகச் செய்துகொண்ட எளிமையாக்கம். அந்தக் கெபாசிட்டரை ஏற்றி இறக்கும்போது மின்னூட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் இடையே ஒரு வளையம் உருவாகிறது. அந்த வளையத்தின் பரப்பு ஒவ்வொரு சுழற்சியிலும் வெப்பமாகப் போகிறது. சிலிக்கான் சூப்பர்ஜங்ஷன் மாஸ்ஃபெட்டுகளில் இது முதலில் தெரியவந்தது. 600 வோல்ட் கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களிலும் மெகாஹெர்ட்ஸ் அளவில் இது புறக்கணிக்க முடியாத இழப்பு என்பதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2018இல் அளந்து எழுதினார்கள். தரவுத்தாளில் இதற்கு ஓர் எண்ணும் இருக்காது. கணினி மாதிரியிலும் இருக்காது. எனவே சிமுலேஷனில் 98.5 விழுக்காட்டுப் பயனுறுதிறன் காட்டும் கன்வெர்ட்டர் மேசைமேல் கொதிக்கும்போது, மாணவர் முதலில் தன் சாலிடரிங்கைத்தான் சந்தேகப்படுவார்.

இதைப் போலவே, கேலியம் நைட்ரைடில் உயர் மின்னழுத்தத்தைத் தாங்கி நின்ற பின் எலக்ட்ரான்கள் பொறிகளில் சிக்கிக்கொள்வதால், இயங்கும்போது உள்ள மின்தடை தரவுத்தாளில் உள்ளதைவிட உயர்ந்து காணப்படும். அதை அளக்கும் முறைக்குக் குறைக்கடத்தித் துறையின் தரநிர்ணய அமைப்பான ஜெடெக் 2019இல் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. 400 வோல்ட் தாங்கி நின்ற முனையில் அடுத்த கணமே ஒரு வோல்ட்டுக்கும் குறைவான வீழ்ச்சியை அளக்க வேண்டும் என்பதால், ஆசிலோஸ்கோப்பை நேரடியாக இணைத்தால் அதன் உள்ளீடு நிறைந்து தத்தளிக்கும். இடையில் உயர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் ஒரு வெட்டுச் சுற்று தேவை.

இப்போது அலைவடிவத்துக்கு. ‘அளந்துகொண்டிருந்தால் போதும்’ என்று எள்ளலாகச் சொல்லப்பட்ட அந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதை ஒரே கணக்கில் காட்டுகிறேன். தரக்காரணி (தேக்கும் ஆற்றலை இழக்கும் ஆற்றலோடு ஒப்பிடும் எண்) 100 உள்ள ஒரு இண்டக்டரின் இழப்பை 1 மெகாஹெர்ட்ஸில் அளக்கிறீர்கள். மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான கோணம் 89.4 பாகையை ஒட்டி இருக்கும். ஆசிலோஸ்கோப்பின் அளவிடும் முனைகளான இரு புரோப்களுக்கும் இடையே ஒரே ஒரு நானோவினாடி வேறுபாடு சரிசெய்யப்படாமல் நின்றாலும் அது 0.36 பாகை. அந்தக் கோணத்தில் இழப்பின் மதிப்பு 60 விழுக்காட்டுக்கு மேல் தவறிவிடும். 100 கிலோஹெர்ட்ஸில் அதே நானோவினாடி 6 விழுக்காட்டுப் பிழையோடு நின்றிருக்கும். நீங்கள் பத்து மடங்கு உயர்த்தியது ஸ்விட்சிங் அதிர்வெண்ணை மட்டும் என்று நினைத்திருப்பீர்கள். கூடவே அளவீட்டுப் பிழையும் பத்து மடங்காகிவிட்டது.

மொத்தப் பயனுறுதிறனை அளப்பதும் எளிதன்று. 1,000 வாட் உள்ளே, 990 வாட் வெளியே என்றால் இழப்பு 10 வாட். இரு பக்கமும் 0.1 விழுக்காட்டுத் துல்லியத்தோடு அளந்தாலும், ஒவ்வொன்றிலும் 1 வாட் ஐயம் சேர்ந்து, இழப்பு 8 வாட்டா 12 வாட்டா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ‘முந்தைய சுற்றைவிட 0.2 விழுக்காடு திறன்மிக்கது’ என்று முடியும் கட்டுரைகளை இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆகவே நாங்கள் வெப்பத்தால் அளக்கிறோம். கன்வெர்ட்டரைக் காப்பிட்ட பெட்டிக்குள் வைத்து, வெளியேறும் வெப்பத்தை அளந்தால் அலைவடிவமும் கோணமும் ஒரு பொருட்டே இல்லை. விலையும் குறைவு, தெர்மோகோல், செம்புக் குழாய், நீர்ப் பம்பு, நல்ல வெப்பநிலை உணரிகள் போதும். நேரம்தான் செலவாகும். ஒரு புள்ளி நிலைபெற மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் மாலையில் ஆய்வகத்துக் குளிர்சாதனம் நிறுத்தப்பட்டால், சென்னையின் மே மாத வெப்பம் சுவர் வழியாக உள்ளே வந்து அந்தப் புள்ளியைக் கெடுத்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் நல்ல தரவுகளில் பெரும்பகுதி பின்னிரவில் எடுக்கப்பட்டவை.

ஒரகடம்

நான் மின்வாகன மின்னேற்றி வடிவமைப்பில் பணியாற்றுபவன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தொழில்துறை என்ன நினைக்கிறது என்பதைச் சொல்ல வந்தேன்.

எங்கள் பழைய வடிவமைப்புகளில் ஸ்விட்சிங் அதிர்வெண் 65 கிலோஹெர்ட்ஸ் என்று இருப்பதைப் பார்த்துப் புதிதாக வரும் பட்டதாரிகள் ‘ஏன் இவ்வளவு பழமை’ என்று கேட்பார்கள். மின்கம்பி வழியே பரவும் இரைச்சலுக்கு, வானொலி இடையூற்றைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டுக் குழுவான சிஸ்பர் விதித்த வரம்புகளில் நாங்கள் பின்பற்றுபவை 150 கிலோஹெர்ட்ஸில் தொடங்குகின்றன. 65இன் இரண்டாம் இசைமமான (இருமடங்கு அதிர்வெண்ணான) 130 அந்த வேலிக்கு வெளியே நின்றுவிடும். மூன்றாம் இசைமம் முதலானவையே உள்ளே வரும், அவையும் வலுவிழந்து. 200 கிலோஹெர்ட்ஸுக்குப் போன அன்றே அடிப்படை அலை முழு வலுவோடு வேலிக்குள் வந்துவிடுகிறது. அதை அடக்கும் ஃபில்டர் பெருக்கிறது. சில இடங்களில், அதிர்வெண்ணை உயர்த்தியதால் கிடைத்த இடத்தை ஃபில்டரே விழுங்கிவிட்டதையும் பார்த்திருக்கிறேன்.

வாகனத்தில் இன்னொரு வேலியும் உண்டு. மத்திய அலை வானொலி 530 முதல் 1,700 கிலோஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது. சென்னை வானொலி நிலையத்தின் முதல் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. 360 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் கன்வெர்ட்டரின் இரண்டாம் இசைமம் நேராக அதன் தலைமேல் போய் உட்காரும். வாகனங்களுக்கான சிறுதிறன் கன்வெர்ட்டர்கள் 400க்கு அருகில் நின்றுவிடுவதும், அல்லது ஒரே தாவலாக 2.1 மெகாஹெர்ட்ஸுக்குப் போய்விடுவதும் இதனால்தான். அலைவடிவம் அவர்களின் 1 மெகாஹெர்ட்ஸ் அந்த இரண்டுக்கும் நடுவில் சரியாக மாட்டிக்கொள்கிறது. தரவு மையத்துக்கான மின்வழங்கி என்றால் அது பெரிய குறையில்லை. எங்கே பயன்படப் போகிறது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஆசிரியர் சொன்ன இருமடங்கு அலைவுக்கும் எண் தருகிறேன். ஒற்றைக் கட்ட 3.3 கிலோவாட் மின்னேற்றியில், 50 ஹெர்ட்ஸ் மின்வழியில், தேக்க வேண்டிய ஆற்றல் 10.5 ஜூல். 400 வோல்ட் பஸ்ஸில் (டி.சி. மின்தடத்தில்) 40 வோல்ட் ஏற்ற இறக்கத்தை அனுமதித்தால் ஏறத்தாழ 650 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வேண்டும். எங்கள் பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த உருளைகள்தான். வெயிலில் நிற்கும் வாகனத்தில் ஆயுள் முதலில் முடிவதும் பெரும்பாலும் அவற்றுக்குத்தான்.

பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். கட்டும் வந்தே பாரத் போன்ற ரயில்களின் இழுவை இன்வெர்ட்டர்களில் ஸ்விட்சிங் அதிர்வெண் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து சில கிலோஹெர்ட்ஸ் வரைதான். மெகாவாட் அளவில் ஒவ்வொரு ஸ்விட்சிங்கும் இழக்கும் ஆற்றல் அவ்வளவு பெரிது. இரண்டு முனைகளையும் ‘உயர் அதிர்வெண் ஆய்வு’ என்ற ஒரே பெயரால் அழைப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

முழுப்பாலம்

ஒரகடம் சொல்வதில் தகவல் பிழை ஏதுமில்லை. ஆனால் பல்கலைக்கழகம் தொழிற்சாலையின் பின்கட்டு இல்லை. 65 கிலோஹெர்ட்ஸ் இன்று வசதியாக இருக்கிறது என்பதற்காக 1 மெகாஹெர்ட்ஸைத் தொடக்கூடாது என்றால், 2001இல் முதல் சிலிக்கான் கார்பைடு ஷாட்கி டையோடு சந்தைக்கு வந்தபோது ‘இவ்வளவு விலைக்கு யார் வாங்குவார்’ என்று கேட்டவர்கள் சொன்னதும் சரியென்றாகிவிடும். இன்று அதே பொருளில் செய்த மாஸ்ஃபெட்டுகளை உங்கள் துறையே தேடி வாங்குகிறது.

நானோவினாடி சொன்ன கெபாசிட்டர் இழப்பை நான் எளிதாக எடுத்துக்கொண்டது உண்மை. அந்த 2018 கட்டுரையைப் படிக்கிறேன். ஆனாலும், அலைவடிவம் ஒரு கன்வெர்ட்டரைக் கட்டாமல் கோரை மட்டும் அளந்துவிட்டு வெளியேறினால், நேர்முகத் தேர்வில் ‘நீங்கள் எதைக் கட்டினீர்கள்’ என்று கேட்கும்போது என்ன காட்டுவார்? உதவித்தொகையில் ஐந்தாண்டு இருந்துவிட்டு வெளியே வருபவருக்கு அது சிறிய கேள்வியன்று.

நானோவினாடி

அது நியாயமான கேள்வி. என் விடை: கட்டட்டும், ஆனால் கட்டியதே முடிவாக இருக்க வேண்டாம். அளவீட்டு மேடைக்கும் ஒரு கன்வெர்ட்டர் தேவைதான். கோரை 1 மெகாஹெர்ட்ஸில் சதுர அலையால் கிளர்த்த ஒரு கேலியம் நைட்ரைடு பாலம் இல்லாமல் முடியாது. அந்தப் பாலத்தை அமைப்பதிலேயே கேட் வளையத்தின் இண்டக்டன்ஸோடு அவர் போராடியாக வேண்டும். கேட் சுற்றும் முதன்மை மின்னோட்டமும் பகிரும் பாதையான 10 நானோஹென்றி பொது மூல வளையத்தில் மின்னோட்டம் நானோவினாடிக்கு 1 ஆம்பியர் மாறினால் 10 வோல்ட் எழும். 6 வோல்ட்டில் முழுதாக இயங்கும் கேட்டுக்கு அது ஆபத்து. இதைச் சமாளித்துக் கட்டியவரை எந்த நிறுவனமும் கைவிடாது.

கிண்டி ஆசிரியர்

இரு தரப்பும் ஓரிடத்தில் வந்து சேர்ந்திருப்பதால், கேள்வியை எப்படி எழுதலாம் என்று ஒரு யோசனை சொல்கிறேன்.

ஸ்டைன்மெட்ஸ் வாய்பாடு சைன் அலைக்கு உரியது. கன்வெர்ட்டரில் சைன் அலை அரிது. இதற்காக 2002இல் வெங்கடாசலம், சல்லிவன் முதலியோர், எந்த அலைவடிவத்துக்கும் அதே மாறிலிகளைக் கொண்டு இழப்பைக் கணிக்கும் பொதுமை வாய்பாடு ஒன்றைக் கொடுத்தார்கள். இன்றும் அதுவே பெருவழக்கு. அதன் அடிப்படை எடுகோள், பாய அடர்த்தி மாறாத கணத்தில் இழப்பும் இல்லை என்பது. ஆனால் அளந்து பார்த்தால், பாயம் நின்ற பின்னும் கோர் சற்று நேரம் தளர்ந்துகொண்டே இருக்கிறது, அந்த நேரத்திலும் வெப்பம் வெளியாகிறது. சூரிக்கின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் இதற்கு ஒரு திருத்தம் தந்தார்கள். அதற்குக் கூடுதல் மாறிலிகள் தேவைப்படுகின்றன, அவை தரவுத்தாளில் கிடைப்பதில்லை.

இப்போது உங்கள் எல்.எல்.சி.யைப் பாருங்கள். ரெசனன்ஸ் புள்ளியில் (சுற்று இயல்பாக ஒத்திசைந்து அலையும் அதிர்வெண்ணில்) டிரான்ஸ்ஃபார்மரின் பாயம் ஏறத்தாழ முக்கோண அலை. அந்தப் புள்ளிக்குக் கீழே இயக்கும்போது, இரண்டாம் பக்க மின்னோட்டம் பூச்சியத்தைத் தொட்ட பிறகு, பாயம் தன் உச்சத்தருகே சிறிது நேரம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. பொதுமை வாய்பாடு பொய்க்கும் இடம் அதுவே. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தொடங்கி, 2023இல் உலக அளவிலான மாணவர் போட்டியாகவும் நடந்த மேக்நெட் தரவுத்தொகுப்பில் சைன், முக்கோண, சரிவக அலைகளுக்கான லட்சக்கணக்கான அளவீடுகள் எவரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து கிடக்கின்றன. ஆனால் அவை 50 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரையானவை. ‘ரெசனன்ஸுக்குக் கீழே இயங்கும் எல்.எல்.சி. டிரான்ஸ்ஃபார்மரில், 500 கிலோஹெர்ட்ஸ் முதல் 2 மெகாஹெர்ட்ஸ் வரை, பாயம் நிற்கும் நேரத்தால் கூடும் கோர் இழப்பு எவ்வளவு, அது வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது, அதைக் கணக்கில் எடுத்தால் வடிவமைப்பாளர் தேர்ந்தெடுக்கும் அதிர்வெண் மாறுமா?’ என்று நீங்கள் எழுதினால், எந்தக் கமிட்டியும் அதைக் கைவேலை என்று சொல்லாது. கேள்வியின் கடைசிப் பகுதிக்கு விடை சொல்ல நீங்கள் கன்வெர்ட்டரைக் கட்டித்தான் ஆக வேண்டும். முழுப்பாலம் அவர்களின் கவலையும் தீரும்.

நெறியாளரிடம் இதைத் தலைப்பு மாற்றமாகக் கொண்டு போகாதீர்கள். அவர் கொடுத்த கன்வெர்ட்டர் அப்படியே இருக்கட்டும். அதன்மேல் ஒரு கேள்வியை ஏற்றி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அலைவடிவம்

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா எழுதித் தந்த வடிவத்தை நெறியாளரிடம் காட்டினேன். அவர் மறுக்கவில்லை, 2 மெகாஹெர்ட்ஸை இப்போதைக்கு 1.5 ஆகக் குறைத்துக்கொள்ளச் சொன்னார், நிக்கல்-துத்தநாகக் கோர்களை இரண்டாம் கட்டத்துக்கு ஒத்திவைக்கச் சொன்னார். தரவு மைய மின்வழங்கி என்று பயன்பாட்டையும் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

எனக்கு இப்போது அளவீட்டில்தான் ஐயம். எங்கள் ஆய்வகத்தில் 200 மெகாஹெர்ட்ஸ் ஆசிலோஸ்கோப் இருக்கிறது. ஒளிவழிக் காப்புள்ள புரோப் பல லட்சம் ரூபாய் என்பதால் அதற்கு வழியில்லை. நானோவினாடி அக்கா, வெப்பப் பெட்டியையும் மின்முறை அளவீட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள நினைக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதை நம்புவது? பெட்டி சொல்வது சரியென்று எப்படி உறுதி செய்வது?

நானோவினாடி

பெட்டியைச் சரிபார்க்கக் கோர் இருக்கும் அதே இடத்தில், ஏறக்குறைய அதே அளவுள்ள ஒரு மின்தடையை வைத்து, டி.சி.யால் சூடாக்குங்கள். டி.சி. திறனை நல்ல மல்டிமீட்டர்களாலேயே மிகத் துல்லியமாக அளக்கலாம். 1 வாட், 2 வாட், 5 வாட், 10 வாட் என்று வைத்துப் பெட்டியின் விடையை எழுதி வந்தால் உங்கள் அளவுகோல் தயார். அதை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பருவம் மாறும்போதெல்லாம் மீண்டும் செய்யுங்கள். மழைக்காலத்தில், குளிர்ந்த குழாயின்மேல் ஈரம் படிந்தால் அதன் உள்ளுறை வெப்பமும் கணக்கில் புகுந்துவிடும். நீரின் வெப்பநிலையை அறையின் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) மேலேயே வைத்திருங்கள். மல்டிமீட்டர்களின் அளவுத்திருத்தச் சான்று காலாவதியாகியிருந்தால் திருவான்மியூரில் உள்ள மின்னணுச் சோதனை மையமான ஈ.டி.டி.சி.யில் செய்துகொள்ளலாம்.

மின்முறைக்கு, ஒரே கோரில் இரண்டு கம்பிச் சுற்றுகளை அமைக்கும் இரட்டைச் சுற்று முறையை எடுங்கள். கிளர்த்தும் சுற்றிலிருந்து மின்னோட்டத்தையும், எதுவும் இணைக்கப்படாத இரண்டாம் சுற்றிலிருந்து மின்னழுத்தத்தையும் அளந்தால் செம்பிழப்பு கணக்குக்குள் வராது. புரோப்களின் நேர வேறுபாட்டைச் சரிசெய்யக் கோருக்குப் பதில் காற்றுச் சுருளை வையுங்கள். அதில் கோர் இழப்பு இருக்க முடியாது என்பதால், ஆசிலோஸ்கோப் ஏதேனும் இழப்பைக் காட்டினால் அது முழுவதும் நேர வேறுபாடும் அளவீட்டுப் பிழையும்தான். அது பூச்சியமாகும்வரை நேரத்தை நகர்த்துங்கள். சைன் அலைக்கு மட்டும், வர்ஜீனியா டெக் குழுவினர் காட்டியபடி, தொடரில் ஒரு கெபாசிட்டரை வைத்து எதிர்வினை மின்னழுத்தத்தை நீக்கிவிட்டால் கோணப் பிழையின் வலு வெகுவாகக் குறையும். சதுர அலைக்கு அந்த உத்தி அப்படியே செல்லாது.

இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், 100 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி வந்து அங்கே ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அங்கே ஒத்து, மேலே போகப்போக விலகினால் புரோப்பைச் சந்தேகியுங்கள். அங்கேயே ஒத்துப்போகாவிட்டால் பெட்டியைச் சந்தேகியுங்கள்.

சுருள்கட்டி

காற்றுச் சுருளை நானே சுற்றித் தருகிறேன் அம்மா. டெஃப்லான் உருளையில், உங்கள் கோர்ச் சுற்றின் இண்டக்டன்ஸுக்கு நெருக்கமாக, இரண்டு சுற்றுகளையும் கைகோத்துச் சுற்ற வேண்டும். தள்ளித் தள்ளிச் சுற்றினால் இரண்டுக்கும் இடையே கசிவு வந்துவிடும். கோரின் தரவுத்தாளையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

ஒரகடம்

ஒரு சிறு வேண்டுகோள். வெப்பநிலையை 25இலும் 100இலும் மட்டும் எடுத்துவிட்டு நடுவில் கோடு போட்டுவிடாதீர்கள். மின்னேற்றிக்கும் மின்வழங்கிக்கும் உரிய ஃபெரைட்டுகளில் இழப்பு ஒரு வெப்பநிலையில் மிகக் குறைந்து, அதன் இருபுறமும் ஏறும். அந்தப் பள்ளம் 1 மெகாஹெர்ட்ஸில் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டிய எண். 60, 80, 120 ஆகிய புள்ளிகளிலும் எடுத்தால், உங்கள் அட்டவணையை முதலில் பதிவிறக்குபவன் நானாக இருப்பேன். கன்வெர்ட்டர் தயாரான பிறகு மின்காந்த இரைச்சலைப் பார்க்கத் தரமணியில் மின்காந்தச் சோதனைகள் செய்யும் சமீர் மையம் இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு, ஃபில்டர் இல்லாத பலகையோடும் ஒருமுறை, ஃபில்டரோடும் ஒருமுறை போய்வாருங்கள்.